திரைக்குப் பின்னால் ஒரு வாய்

கல்முனையில் அந்த மாதம் மூன்று வரிசைகள் நின்றன. ஒன்று மண்ணெண்ணெய்க்கு. ஒன்று கடவுச்சீட்டுப் படிவத்துக்கு. மூன்றாவது பல்லுப் புழுவுக்கு. முதல் இரண்டிலும் நின்றவர்களில் பாதிப்பேர் வெறுங்கையோடு வீடு போனார்கள். மூன்றாவதில் நின்ற ஒருவர்கூட அப்படிப் போகவில்லை. எல்லோருக்கும் புழு கிடைத்தது. நாட்டில் தட்டுப்பாடே இல்லாத ஒரே பொருள் அதுதான்.

கடற்கரைத் திடலில் இரண்டு கொட்டில்கள். இடது கொட்டிலில் நாட்டு வைத்தியர் முபீன் பரிகாரி. "ஒரே இருப்பில் முழு வாயும் சுத்தம்!" என்று அவருடைய பெனர் அலறியது. வலது கொட்டிலில் டனிஸ்டன் மாஸ்டர். "அவசரம் ஆபத்து! வாயை நாலாகப் பிரித்து வாரம் ஒரு பங்கு!" என்று அவருடைய பெனர் பதிலுக்கு அலறியது. நடுவில் ஒரு கயிறு. இந்தப் பக்கமிருந்து முபீன் முறைப்பார். அந்தப் பக்கமிருந்து டனிஸ்டன் காறித் துப்புவார். முபீன் தலையில் தொப்பி, டனிஸ்டன் கழுத்தில் சிலுவை. வேலை தொடங்குமுன் இருவரும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். அது என்ன என்று பள்ளிவாசல் கதீபுக்கும் விளங்கவில்லை, சேர்ச் பாதருக்கும் விளங்கவில்லை. இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று அவர்களும் தனித்தனியே சொல்லிப் பார்த்தார்கள். சனம் கேட்டால்தானே! காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். வினாயகபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். கோமாரியிலிருந்து ஒருவர் தேங்காய் லொறியில் ஏறி வந்தார். மூன்று மதமும் இடித்துக்கொள்ளாமல் நின்ற ஒரே வரிசை அது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

புழு எடுக்கிற முறையைக் கேளுங்கள். ஒரு சட்டியில் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே ஒரு கல். கல்லின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டு. இரும்பின் மேல் எண்ணெயில் பிசைந்த ஏதோ விதை ஒரு சிட்டிகை. அதை மூடி, துளை போட்ட ஒரு பெரிய சிரட்டை. துளையிலிருந்து பப்பாசி இலைத் தண்டு. தண்டின் மறுமுனை உங்கள் வாயில். புகையை இழுத்து வாய்க்குள் வைத்திருக்க வேண்டும். படபடவென்று ஒரு சத்தம். பரிகாரி சிரட்டையைத் தூக்கினால், அல்லாஹ்வே, தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய்ப் புழு!

வாய் இருப்பது ஒரு முழம் தள்ளி. அங்கிருந்து புழு இறங்கி, எதிரே வருகிற புகையைக் கிழித்துக்கொண்டு தண்டுக்குள் ஊர்ந்து, சுடு இரும்பைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் குதிக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரப் புழுவை இராணுவத்தில் சேர்க்கலாம். எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை வந்தது என்றுதான் கேட்டார்கள்.

நானும் கேட்கவில்லை. எனக்குப் பதினான்கு புழு வந்தது.

பெண்களுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. பச்சைச் சீலையில் ஒரு திரை. பெண் அந்தப் பக்கம், சட்டியும் பரிகாரியும் இந்தப் பக்கம். திரையில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாகத் தண்டு மட்டும் போகும். அந்நியப் பெண்ணின் முகத்தைப் பார்க்கமாட்டார்களாம். என்ன மரியாதை, என்ன பேணுதல் என்று ஊரே உருகியது.

நான் அஷ்ரப். பிரதான வீதியில் பெனர், நோட்டீஸ் அடிக்கிற கடை என்னுடையது. அந்த இரண்டு பெனரையும் அடித்தவன் நான்தான். இரண்டும் ஒரே பென் டிரைவில் வந்தன, ஒரே ஆள் கொண்டு வந்து தந்தான். எனக்கு அப்போதே மூளையில் ஒரு அரிப்பு எடுத்தது. சொறிந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன். வியாபாரம் அல்லவா!

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் மனைவி வீட்டில்தான் இருப்பான். ஆகவே நான் என் மாமா கச்சிமுகம்மதுவின் வாய்க்கு மிக அருகில் வாழ்ந்து வருகிறேன். முப்பது ஏக்கர் வேளாண்மை செய்கிற போடியார் அவர். ஐந்து வருடமாக அவருடைய முரசில், பல் ஈறில், இரத்தம். பல் தீட்டினால் இரத்தம், கொய்யா கடித்தால் இரத்தம். பற்கள் ஒவ்வொன்றும் பக்கத்துப் பல்லோடு கோபித்துக்கொண்டு விலகி நின்றன. நாற்றத்தைப் பற்றி மருமகன் நான் சொல்லக் கூடாது. மாமா கொட்டாவி விட்டால் பூனை எழும்பி வெளியே போகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாமாவுக்கு அது வேடிக்கை இல்லை. எங்கள் கல்யாண வீடுகளில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். போன நோன்புக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில், மாமா ஒரு இறைச்சித் துண்டை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றி மென்றுகொண்டிருந்தார். அதற்குள் மற்ற ஐந்து பேரும் சஹனைத் துடைத்துவிட்டார்கள். அதிலிருந்து அவர் கல்யாணங்களுக்குப் போவதை விட்டார். கேட்டால் தலைவலி என்பார். ஆனால் இன்னும் மூன்று மாதத்தில் என் மகள் அஸ்பியாவின் கல்யாணம். பேத்தியின் முதல் சஹனில் அவர்தான் உட்கார வேண்டும். அந்த மனுஷன் அதை நினைத்து நினைத்துக் கண்ணாடியில் பல்லை ஆட்டிப் பார்ப்பார்.

என் மனைவி முனவ்வறா விவசாயப் போதனாசிரியர். பூச்சி, விதை, பசளை என்று வயல் வயலாகத் திரிகிறவள். அவள்தான் வாப்பாவை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பல் டொக்டர் சர்மினி ஒரு மெல்லிய கம்பியால் முரசை அளந்தார்.

"ஐயா, பல்லுக்கும் முரசுக்கும் இடையில ஆறு மில்லிமீற்றர் பள்ளம் இருக்கு. அதுக்குள்ள காரை கட்டிக் கல்லாப் போயிட்டுது. ஆழமாச் சுத்தம் செய்யோணும். உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு, விட்டால் எலும்பு கரைஞ்சு கொண்டே போகும்."

"எப்படிச் செய்வீங்க, டொக்டர்?" என்று கேட்டாள் முனவ்வறா.

"ரெண்டு விதமாச் செய்யலாம். முழு வாயையும் ஒரே நாளில முடிக்கலாம். இல்லாட்டி நாலு பங்காப் பிரிச்சு, வாரத்துக்கு ஒரு பங்கு செய்யலாம். மெஷினாலயும் ஏலும், கை ஆயுதத்தாலயும் ஏலும். கடைசியில பலன் கிட்டத்தட்ட ஒண்டுதான். பெரிய வித்தியாசம் என்னண்டா, செய்யிறதுக்கும் செய்யாம விடுறதுக்கும்தான். அதுக்குப் பிறகு வீட்டில ஒழுங்காத் தீட்டோணும், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டோணும்."

அன்றைக்கு அறை வாசலில் நோயாளிகள் வாங்கில் இருந்த யாரோ இதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு கிழமையில் திடலில் "ஒரே இருப்பு", "நாலு பங்கு" என்று பெனர் தொங்கியது. ஆஸ்பத்திரியின் வசனம் அப்படியே இருந்தது. டொக்டரும் மருந்தும்தான் இல்லை.

மாமா ஆஸ்பத்திரிப் படியை மறுபடி மிதிக்க மறுத்தார்.

"சுரண்டினாப் பல்லு ஆடும், புள்ள. அந்தக் காரைதான் சீமெந்து மாதிரிப் பல்லைப் புடிச்சிக்கிட்டிரிக்கி. அதை எடுத்தா எல்லாம் பொலபொலவெண்டு கொட்டிரும்."

"வாப்பா, அது சீமெந்து இல்ல. அதுதான் முரசைத் திண்டுக்கிட்டு இரிக்கி."

"நீ பல்லு டொக்டரா? நீ நெல்லு டொக்டர்!"

பெனர் தொங்கிய அடுத்த நாள் மாமா முபீனிடம் போய் இருபத்தாறு புழுவோடு வந்தார். முகத்தில் பெருநாள் களை. ஒரு கிழமை கழித்துச் சந்தேகம் வந்து டனிஸ்டனிடம் போனார். அவர் மேல் வலது பங்கில் மட்டும் ஒன்பது எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை, இடியப்பத்துக்குள் மாமாவின் கீழ்ப்பல் ஒன்று விழுந்து கிடந்தது. கவனியுங்கள், இடியப்பம்! முறுக்கு இல்லை. மாமா பல்லைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு முபீனிடம் ஓடினார்.

"புழு வீட்டை விட்டிட்டுப் போயிட்டு ஹாஜியார். ஆள் இல்லாத வீடு விழத்தானே செய்யும்? நல்ல சகுனம்!" என்றார் முபீன்.

மாமா ஆறுதலோடு திரும்பினார். முனவ்வறா அழுதாள். பேப்பரில் எழுதுகிற அழுகை இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி, கோபத்தோடு அழுதாள். டொக்டர் தந்த திகதி வருகிற செவ்வாய். அதைத் தவறவிட்டால் முன்பல் நாலையும் மறந்துவிடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

இதற்கிடையில் ஊர் இரண்டாகப் பிளந்துவிட்டது. தேத்தண்ணிக் கடைகளில் ஒரே இருப்புக் கட்சியும் நாலு பங்குக் கட்சியும் மேசையைத் தட்டின. "ஒரேயடியா எடுத்தாத்தான் மிச்சப் புழு குட்டி போடாது" என்றது ஒன்று. "ஒரேயடியா எடுத்தா மூளைக்கு ஏறிரும்" என்றது மற்றது. பேஸ்புக்கில் சட்டிப் படம் போட்டு, வட்டம் கீறி, எண்ணி எண்ணிச் சண்டை பிடித்தார்கள். எது நல்லது என்று சண்டை பிடிக்கத் தொடங்கிய பிறகு, இது நல்லதா என்று கேட்க யாருக்கு நேரம்?

மாமாவின் புழுக்கள் சில ஒரு தயிர்க் கோப்பையில் மிதந்துகொண்டிருந்தன. முனவ்வறா கண்ணைத் துடைத்துவிட்டு, நெல்லில் அறக்கொட்டிப் பூச்சி பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்தாள். அரை மணித்தியாலம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்க, இதில தலை எங்க இரிக்கி? கால்? வாய்? ஒண்டும் இல்ல. இந்த நுனியப் பாருங்க, ரெண்டு குட்டி இலை மாதிரி. இது புழு இல்ல, முளை. விதை சூட்டில வெடிச்சி உள்ள சுருண்டு கிடந்த முளை துள்ளி விழுது. கண்டங்கத்திரி விதையாத்தான் இரிக்கும்."

வாப்பாவிடம் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியைத் தள்ளிவிட்டார். "உனக்கு எதைப் பாத்தாலும் பயிராத்தான் தெரியும்."

அவள் வாதாடவில்லை. எனக்குப் பயம் வந்தது. முனவ்வறா வாதாடாமல் விட்டால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

"சரி வாப்பா. ரெண்டு முறையில எது நல்லமெண்டு ஊருக்கு முன்னால ஒப்பிட்டே பாப்பமே. போன போகத்தில நம்மட வயல் வட்டையில ரெண்டு பூச்சி மருந்தை எப்படி ஒப்பிட்ட நாம?"

மாமாவுக்குப் பிடித்த பேச்சு. நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு துண்டுக்கு இந்த மருந்து. மத்தத் துண்டுக்கு அந்த மருந்து. மூண்டாவது துண்டு ஒண்டும் அடிக்காம சும்மா விட்ட. அது இல்லாட்டி மருந்து வேலை செஞ்சதா, மழைக்குப் பூச்சி போனதா எண்டு எப்படித் தெரியும்?"

"ஓம் வாப்பா. அப்படியே செய்வம். அந்த மூண்டாம் துண்டை நான் கொண்டு வாறன்."

பரிகாரிகள் இருவரும் துள்ளிக் குதித்துச் சம்மதித்தார்கள். இலவச விளம்பரம் அல்லவா! "மாபெரும் ஒப்பீடு, சனி அஸர் தொழுகைக்குப் பின்" என்ற பெனரும் என் கடைக்கே வந்தது. அதே பென் டிரைவ். அரிப்பு கூடியது.

சனிக்கிழமை திடலில் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. தோணிகளின் மேல் ஏறி நின்றார்கள். கடலை வியாபாரி கடலையை மறந்துவிட்டு நின்றான். பச்சைத் திரை கட்டியாயிற்று. ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். முன்வரிசையில் மாமா.

முனவ்வறா திரையோரமாக வந்து நின்று விதியைச் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் ஒரே வாய்தான். முதல்ல முபீன் பரிகாரி, பொறகு டனிஸ்டன் மாஸ்டர். இது சரியான பழைய கேஸ். ஆள் ஒரு வார்த்தையும் கதைக்கமாட்டாங்க."

"கதைக்காத பொம்பளயா? மாஷா அல்லாஹ்! அது கிடைக்கிறது அருமை" என்றார் முபீன். ஆண்கள் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களும் ஏதோ இருமினார்கள்.

முபீன் முணுமுணுத்தார், இரும்பை வைத்தார், விதையைத் தூவினார், சிரட்டையைக் கவிழ்த்தார். தண்டு துளைக்குள் போனது.

"ராத்தா, புகையை நல்லா உள்ள வாங்குங்க... ஆ, அப்படித்தான். மெதுவா. சனங்களே, தண்டைப் புடிச்ச கையால சொல்றன், இந்த ராத்தாக்கு முப்பத்தஞ்சு வயசு. வெத்திலை கூட. கடைவாயில தாய்ப்புழு ஒண்டு இரிக்கி. வருது... வருது..."

அந்தப் பக்கம் இருமல் கூடியது. சிரட்டையைத் தூக்கினார். எண்ணினார்கள். இருபத்து மூன்று! ஒரே இருப்புக் கட்சி தொப்பியைக் கழற்றி வீசியது.

"முழு வாயும் சுத்தம்! இனி ஒரு புழு இருந்தா நான் இந்தத் தாடியை எடுக்கிறன்!"

டனிஸ்டன் வந்தார். மேல் இடது பங்கு மட்டும் என்றார். முணுமுணுத்தார். "இந்தத் தங்கச்சிக்கு இரவில நித்திரை இல்ல. பல்லுக் குத்து. பாவம், வெளிய சொல்லாம அழுற புள்ள" என்றார். சிரட்டையைத் தூக்கினார். பதினொன்று!

நாலு பங்குக் கட்சி கத்தத் தொடங்கி, பாதியில் நின்றது. முழுதும் சுத்தமான வாயில் இன்னும் பதினொன்றா? எல்லோரும் முபீனின் தாடியைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து இருமல் இப்போது இருமலாக இல்லை. யாரோ ஒருத்தி மூச்சு முட்டி, "யா அல்லாஹ், என்னால ஏலா" என்று கதறினாள்.

"இனித் திரையை எடுப்பம்" என்றாள் முனவ்வறா.

"பொம்பள இரிக்காங்க!" என்று முபீன் பாய்ந்தார். "ஹறாம்! அந்நியப் பொம்பள!"

"நாங்கெல்லாம் ஒழுங்காத்தான் இரிக்கம். உங்கட நோயாளிக்குத்தான் வெக்கம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே முனவ்வறா ஒரே இழுவையில் திரையை இழுத்துவிட்டாள்.

ஒரு கதிரை. கதிரையின் மேல் ஒரு பீங்கான் தட்டு. தட்டின் மேல், மேலும் கீழுமாக ஒரு முழுத் தொகுதிப் பொய்ப்பல். பற்களுக்கு நடுவே பப்பாசித் தண்டு. அவ்வளவுதான். பொய்ப்பல் ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கதிரையில் லேஞ்சியால் வாயைப் பொத்தியபடி இமக்குலேற் ரீச்சர். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேருக்குக் கணக்குப் படிப்பித்தவர். அவர் ஆறுதலாக எழும்பினார். தண்டை உருவி எறிந்தார். போத்தல் தண்ணீரில் பல்லைக் கழுவினார். வாய்க்குள் மாட்டினார். பிறகுதான் திருவாய் மலர்ந்தார்.

"டேய் டனிஸ்டன், என்ர பல்லுக்கு இரவில நித்திரை இல்லையோ? ஒவ்வொரு இரவும் தண்ணிக் கிளாசுக்குள்ள விடியும் வரைக்கும் நல்லாத்தானே படுத்துக் கிடக்கு!"

திடல் வெடித்தது. தோணியில் நின்ற இரண்டு பேர் சிரித்துச் சிரித்தே மணலில் விழுந்தார்கள். முபீன் விடவில்லை. "பல்லெண்டாப் பல்லுதான்! பிளாஸ்ரிக்கிலயும் புழு வரும்!" என்று கத்தினார்.

"சரி, அப்ப காத்துக்கு?" முனவ்வறா அவருடைய பெட்டியிலிருந்தே ஒரு சிட்டிகை விதையை எடுத்தாள். இரும்பில் போட்டாள். சிரட்டையைக் கவிழ்த்தாள். தண்டைக் கடலைப் பார்த்துச் சும்மா பிடித்தாள். படபட. தூக்கினாள். பதினேழு. பூதக்கண்ணாடியை முன்வரிசைக்குக் கொடுத்தாள். "இதில தலையக் காட்டுற ஆளுக்கு இந்தக் கண்ணாடியை இனாமாத் தாறன். வாப்பா, மருந்தடிக்காத துண்டு இதுதான். மருந்தடிச்ச துண்டுல வந்த அதே புழு இதிலயும் வந்திரிக்கி. அப்ப மருந்து என்ன செஞ்சது?"

அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு வருகிற தைரியம், அதற்குப் பெருமை ஒன்றும் இல்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே பென் டிரைவ்! நான்தான் பெனர் அடிச்சன்!" என்று கத்தினேன். முனவ்வறா என்னைப் பார்த்த பார்வையில் அன்றிரவுச் சாப்பாடு நிச்சயமில்லை என்று விளங்கியது.

சனம் எங்கள் பக்கம் திரும்பிய அந்த இடைவெளியில் ஒரு ஓட்டோ இரைந்தது. பின் இருக்கையில், தோளோடு தோளாக, முபீனும் டனிஸ்டனும். கயிற்றைத் தாண்டி முறைத்தவரும் காறித் துப்பியவரும் ஒரே ஓட்டோவில் ஏறி, ஒரே இருப்பில் திடலைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள்.

மாமா கதிரையை விட்டு எழும்பவில்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி சட்டிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு, "முப்பது வருஷம் முளை பாத்த கண்ணு, புள்ள. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.  முனவ்வறா பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நின்றார். ஆனால் இப்போது அவர் பழைய மாமா இல்லை. நாற்காலியில் சாய்ந்ததும் விரலை நீட்டினார்.

"டொக்டர், ஒரே நாள், நாலு பங்கு எண்டு ரெண்டு சொன்னீங்க. ஒண்டும் செய்யாம விட்ட துண்டு எங்க? அதையும் காட்டணும்."

 டொக்டர் சர்மினி சின்னக் கண்ணாடியை எடுத்து அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இந்தா இருக்கு ஐயா. அஞ்சு வருஷமா ஒண்டும் செய்யாம விட்ட துண்டு, உங்கட வாய்தான்."

மாமா வாயை மூடினார். பிறகு நன்றாகத் திறந்தார். நாலு பங்கு என்று தெரிவு செய்தார். முழு வாயும் ஊசியில் ஒன்றாக விறைத்தால் தேத்தண்ணி குடிக்க ஏலாதாம், அவ்வளவுதான் காரணம். டொக்டரும் அது போதுமான காரணம் என்றார். முதல் நாள் இரும்புத் தட்டில் விழுந்த கறுத்தக் கற்களைப் பார்த்து, "இதுவா என்ட சீமெந்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலாம் வாரம் கடந்தபோது இரத்தம் நின்றிருந்தது. பூனை திரும்பி வந்தது. முன்பல் நாலில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. ஆறு கிழமை முந்தி வந்திருந்தால் அதுவும் நின்றிருக்கலாம் என்றார் டொக்டர். அந்த ஆறு கிழமையை மாமா முபீனிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

அஸ்பியாவின் கல்யாணத்தில் முதல் சஹனில் மாமா உட்கார்ந்தார். சிரிக்கும்போது முன்னால் ஒரு கதவு திறந்திருந்தது. ஆனால் இறைச்சி அவருடைய பக்கத்தில்தான் முதலில் தீர்ந்தது. மற்ற ஐந்து பேரும் கல்யாண வீட்டுக்காரனான என்னை முறைத்தார்கள்.

போன கிழமை ஒருவர் கடைக்கு வந்தார். முட்டுவலியை இறக்கி எடுக்கிற கல்லாம், ஐம்பது பெனர் வேண்டுமாம். பெண்களுக்குத் தனியாகத் திரை வசதியும் உண்டு என்று போடச் சொன்னார். பென் டிரைவை அவருடைய கையிலேயே திருப்பி வைத்து அனுப்பிவிட்டேன். அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். உங்கள் ஊரில் இந்நேரம் பெனர் தொங்கும், வரிசையும் நீளும். போங்கள், பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் திரையைத் தூக்குங்கள். வாயைப் பிறகு திறக்கலாம்.